காணாக் களம்

பலகையின் இருபுறமும் இருவர் அமர்ந்து, ஒருவர் முகக்குறிப்பை மற்றவர் நோக்கியபடி ஆடிவந்த ஆட்டம் சதுரங்கம். இன்று அதே ஆட்டம், ஒருவரையொருவர் காணாத இருவருக்கிடையே, திரையின்மீது நிகழ்கிறது. எதிரில் ஆளில்லை, பார்வையாளர் இல்லை, நடுவரின் காலடியோசையும் இல்லை. பரிசுக்காகவும் பட்டத்துக்காகவும் அன்றி, ஆட்டத்தின்மீது கொண்ட அன்பால் மட்டுமே இக்களத்தில் இறங்கும் எளிய ஆர்வலர் எதனோடு போராடுகிறார்? எதனை வென்று திரும்புகிறார்? இப்பாடம் அதனை எடுத்துரைக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்

வார நாள்களில் கடையொன்றில் கணக்கெழுதும் பணிபுரியும் ஆர்வலர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பள்ளி நாளில் சதுரங்கம் கற்றவர். பயிற்சியாளரிடம் முறையாகப் பயின்றவர் அல்லர். இணையத்தளத்தில் அவர் பெற்றிருக்கும் தரப்புள்ளி 1400. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் இணையவழிப் போட்டி ஒன்றில் அவர் பெயர் பதிந்திருக்கிறார். பங்கேற்போர் 128 பேர், சுற்றுகள் ஏழு. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் தரப்படும். அத்துடன், ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் ஐந்து நொடி கூட்டப்படும்.

மேசைமேல் மடிக்கணினி, அருகில் ஒரு குவளைத் தண்ணீர், சற்றுத் தள்ளி அலைபேசி. இவ்வளவே அவருடைய போட்டி அரங்கம். திரையில் நொடிகள் குறைகின்றன. முதற்சுற்று தொடங்குகிறது. எதிராளியின் தரப்புள்ளி 1800. நாற்பது நகர்வுகளுக்குள் நம் ஆர்வலர் தோற்றுவிடுகிறார். கைகுலுக்கல் இல்லை, ஆறுதல் சொல்வார் இல்லை. திரையில் ஒரு வரி தோன்றி மறைகிறது. அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும்படி அறிவிப்பு வருகிறது. இன்னும் ஆறு ஆட்டங்கள் எஞ்சியுள்ளன.

தொலைவைக் கடந்த ஆட்டம்

எதிராளியைக் காணாமல் ஆடுவது இணையம் தந்த புதுமை எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அதன் வரலாறு நெடியது. 1824ஆம் ஆண்டு இலண்டன், எடின்பரோ ஆகிய இரு நகரங்களின் சதுரங்கக் கழகங்கள் அஞ்சல்வழிப் போட்டி ஒன்றைத் தொடங்கின. ஒரு நகர்வு கடிதத்தில் பயணம் செய்து, அதற்குரிய மறுமொழி திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1828இல் முடிந்த அப்போட்டியில் எடின்பரோ வென்றது. 1844இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே புதிதாக அமைக்கப்பட்ட தந்திக் கம்பி வழியாகவும் சதுரங்கம் ஆடப்பட்டது. 1945ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பத்துப் பலகைகளில் வானொலிவழி மோதின. அதில் சோவியத் அணி 15½ – 4½ என்னும் புள்ளிக்கணக்கில் வெற்றி பெற்றது.

1965இல் கியூபத் தலைநகர் ஹவானாவில் நடந்த போட்டிக்கு அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஃபிஷர் அழைக்கப்பட்டார். அங்குச் செல்ல அமெரிக்க அரசு இசைவு தரவில்லை. எனவே, அவர் நியூயார்க்கில் அமர்ந்தபடியே தொலைஅச்சு வாயிலாகத் தம் நகர்வுகளை அனுப்பி அப்போட்டியில் ஆடினார். 1992இல் இணையத்தின்வழி நேரடியாக ஆடுவதற்கான சதுரங்க வழங்கி இயங்கத் தொடங்கியது. கடிதம் நாள்கணக்கில் கடந்த தொலைவை இன்று ஒரு நகர்வு நொடிக்கும் குறைவான நேரத்தில் கடக்கிறது.

கருவிகள் மாறியபோதும் ஒன்று மாறவில்லை. எதிராளியின் அறையில் நடப்பதை எவரும் கண்டதில்லை. அஞ்சலட்டையில் நகர்வை எழுதியவரும், இன்று சுட்டியை அசைப்பவரும் தம் மனச்சான்றின் முன்னிலையில்தான் ஆடுகின்றனர்.

சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உறுப்புகளை உடையது என்பது பொருள். யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய நாற்படைகளை அது குறிக்கும். போர்க்களத்தின் சாயலில் பிறந்த ஆட்டம் அது. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆள்வோர்க்கு உரைக்கப்பட்ட இம்மூன்றும் அறுபத்து நான்கு கட்டங்களில் படை நடத்தும் ஆர்வலருக்கும் பொருந்துகின்றன.

வலியறிதல்

தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் அளந்தறிவது போரின் முதற்படி. சதுரங்கத்தில் இவ்வளவீட்டைத் தருவது தரப்புள்ளி. அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றிய அர்பாட் ஈலோ என்பவர் இதற்கான கணக்கீட்டு முறையை வகுத்தார். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் அம்முறையை ஏற்றுக்கொண்டன. இணையத்தளங்கள் இதனை ஒத்த முறைகளையே கையாளுகின்றன.

ஈலோ முறையின் உட்பொருள் எளியது. இருவருக்கிடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால், வலியவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் ஈட்டுவார். வேறுபாடு 400 ஆனால் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 91 ஆகும். எஞ்சிய ஒன்பது புள்ளிகள் எளியவருக்கு உரியவை. எனவே 1400 புள்ளி உடையவர் 1800 புள்ளி உடையவரிடம் தோற்பது வியப்பன்று. அதனால் அவர் இழப்பதும் மிகச் சிறிது. ஆட்டம் ஒன்றுக்கான மாற்ற அளவை 20 எனக் கொண்டால், தோல்வியில் அவர் இழப்பது இரண்டு புள்ளிக்கும் குறைவு; வென்றிருந்தால் பெறுவதோ பதினெட்டுப் புள்ளி. எளியவர் வலியவரோடு மோதுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதனை இக்கணக்கு உணர்த்துகிறது.

ஆயினும், இவ்வெண்ணைத் தன் மதிப்பாகவே கருதிக்கொள்ளும் மயக்கம் பலருக்கு உண்டு. புள்ளி உயர்ந்தால் தானும் உயர்ந்ததாகவும், தாழ்ந்தால் தானும் தாழ்ந்ததாகவும் எண்ணுவோர், புள்ளி குறையுமோ என்னும் அச்சத்தால் ஆடுவதையே நிறுத்திவிடுகின்றனர். தரப்புள்ளி என்பது உடல்வெப்பத்தை அளக்கும் கருவியைப் போன்றது. இன்றைய நிலையை அது காட்டும், மனிதரை அளக்காது.

போட்டி அமைக்கப்பட்டுள்ள முறையும் எளியவருக்குத் துணைநிற்கிறது. தோற்றவர் வெளியேறும் முறையில் 128 பேர் ஆடினால், முதற்சுற்று முடிந்ததுமே 64 பேர் வீடு திரும்ப வேண்டும். நம் ஆர்வலரும் அவர்களுள் ஒருவராகியிருப்பார். சுவிஸ் முறையில் அவ்வாறு எவரும் வெளியேற்றப்படுவதில்லை. 1895இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடந்த போட்டியில் முதன்முதலாகப் பின்பற்றப்பட்டமையால் இது இப்பெயர் பெற்றது. ஒவ்வொரு சுற்றிலும், அதுவரை ஒத்த புள்ளிகளைப் பெற்றவர்களே ஒருவரோடொருவர் மோதுவர். தோற்றவர் தோற்றவரையும் வென்றவர் வென்றவரையும் சந்திப்பர். சுற்றுகள் செல்லச்செல்ல ஒவ்வொருவரும் தமக்கு நிகரான எதிராளியை அடைவர்.

முதற்சுற்றில் தோற்ற நம் ஆர்வலர் இரண்டாம் சுற்றில் தம்மைப்போலவே தோற்றுவந்த ஒருவரைச் சந்திக்கிறார்; வெல்கிறார். ஒரு தோல்வியோடு கதவு அடைபடாத களம் அது.

காலமறிதல்

சதுரங்கத்தில் காய்கள் முப்பத்திரண்டு. போட்டிச் சதுரங்கத்தில் முப்பத்து மூன்றாவதாக ஒன்று உண்டு. அது கடிகாரம். எத்துணைச் சிறந்த நிலையில் இருப்பினும், நேரம் தீர்ந்தால் ஆட்டம் கைநழுவும். முற்காலக் கடிகாரங்களில், இழந்த நேரத்தை மீட்க வழியில்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் சில நொடிகளைக் கூட்டித் தரும் கடிகாரத்தை வடிவமைத்து, 1989இல் பாபி ஃபிஷர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்று இணையத்திலும் நேரடிப் போட்டிகளிலும் அம்முறை பரவலாக வழங்குகிறது.

பத்து நிமிடமும் நகர்வுக்கு ஐந்து நொடியும் என்றால், அறுபது நகர்வுகள் கொண்ட ஆட்டத்துக்கு ஒருவருக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். இத்தகைய ஆட்டம் விரைவுச் சதுரங்கம் எனப்படும் ‘ரேபிட்’ வகையைச் சார்ந்தது. பத்து நிமிடமும் அதற்குக் குறைவும் கொண்டது ‘பிளிட்ஸ்’. மூன்று நிமிடத்துக்கும் குறைந்ததை இணைய ஆட்டக்காரர் ‘புல்லட்’ என வழங்குவர்.

மூன்றாம் சுற்றில் நம் ஆர்வலர் நல்ல நிலையை அடைகிறார். பதினான்காம் நகர்வில் இரண்டு வழிகள் தென்படுகின்றன. இரண்டும் நல்லவையே. ஆயினும், எது மேலும் நல்லது என ஆராய்வதில் நான்கு நிமிடங்களைச் செலவிடுகிறார். அதன் விலையை முப்பத்தைந்தாம் நகர்வில் தர நேர்கிறது. கையிருப்பில் சில நொடிகளே எஞ்சிய நிலையில், பாதுகாப்பற்ற கட்டத்தில் குதிரையை வைத்து இழந்துவிடுகிறார். ஆட்டமும் போகிறது.

எங்கு நிற்பது, எங்கு விரைவது என்னும் தெளிவே காலமறிதல். வெட்டப்பட்ட காயைத் திரும்ப வெட்டுதல் போன்று வேறு வழியில்லாத நகர்வுகளை உடனே செய்யலாம். ஆட்டத்தின் போக்கையே மாற்றும் நகர்வுக்கு முன் நின்று நிதானிக்க வேண்டும். இரண்டு வழிகளும் நல்லவை எனத் தெளிந்தபின் அவற்றுள் ஒன்றைத் துணிந்து தேர்வதே அறிவுடைமை. மிகச் சிறந்ததைத் தேடி நல்லதை இழப்பவர்கள் களத்தில் மட்டுமன்றித் தேர்வறையிலும் உண்டு.

இடனறிதல்

நேரடிப் போட்டி நடக்கும் அரங்கில் அமைதி காக்கப்படும், அலைபேசிக்கு இடமில்லை. இணையவழிப் போட்டியிலோ ஆட்டக்காரரின் வீடே அரங்கமாகிறது. அழைப்பு மணி ஒலிக்கும். அடுக்களையிலிருந்து குரல் வரும். திரையின் ஓரத்தில் செய்திகள் தலைகாட்டும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது பலகையின் விதி. திரையில் காயைத் தொட்டபின்னும் மனம் மாறலாம். ஆனால் விரல் வழுக்கித் தவறான கட்டத்தில் காயை விட்டுவிட்டால் மீட்க இயலாது. இணைப்பு அறுந்தாலும் கடிகாரம் நிற்பதில்லை.

இவ்விடர் எளியவருக்கு மட்டும் உரியதன்று. பெருந்தொற்றுக் காலமான 2020இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முறையாக இணையவழி ஒலிம்பியாட் போட்டியை நடத்தியது. ஆகஸ்டு 30ஆம் நாள் நடந்த இறுதிப்போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. அதன் இரண்டாம் சுற்றில் நிகால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இந்திய ஆட்டக்காரர் இருவரின் இணைய இணைப்பு அறுந்து, அவர்கள் நேரமிழந்து தோற்க நேர்ந்தது. இந்திய அணி முறையிட்டது. நிகழ்ந்ததை ஆராய்ந்த கூட்டமைப்பு, இரு அணிகளையும் தங்கப்பதக்கத்துக்கு உரியனவாக அறிவித்தது.

2022ஆம் ஆண்டு மே மாதம் நடந்த மற்றொரு நிகழ்வு மாணவர்க்கு நெருக்கமானது. உலக முன்னணி ஆட்டக்காரர்கள் பங்கேற்ற செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையவழிப் போட்டியில் சென்னையைச் சேர்ந்த பிரக்ஞானந்தா ஆடினார். அப்போது அவருக்கு வயது பதினாறு. பதினொன்றாம் வகுப்பு மாணவர். அரையிறுதியில் நெதர்லாந்தின் அனிஷ் கிரியை அவர் வென்று முடித்தபோது இந்திய நேரப்படி நள்ளிரவு கடந்து இரண்டு மணி ஆகியிருந்தது. அன்று காலையிலேயே அவர் பள்ளித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. இறுதிப்போட்டியில் அவர் சீனாவின் டிங் லிரெனிடம் தோற்றார். ஆட்டக்களமும் படிப்பறையும் ஒரே ஊரில் அமைந்திருக்க, இரண்டுக்கும் உரிய கடமையை ஒருவர் ஏற்று நின்ற காட்சி அது.

எளிய ஆர்வலருக்கும் இடத்தை ஒழுங்குசெய்யும் கடமை உண்டு. போட்டி நேரத்தை வீட்டாரிடம் முன்னரே தெரிவித்தல், பிற சாளரங்களை மூடுதல், அலைபேசியை வேறு அறையில் வைத்தல் ஆகியன சிறு செயல்களே. அவற்றுள் இறுதியாகச் சொல்லப்பட்டது, நேரத்தைக் காப்பதோடு நேர்மையையும் காக்கிறது.

எவரும் காணாத இடத்தில்

நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் நம் ஆர்வலர் வெல்கிறார். ஐந்து சுற்றுகளில் மூன்று புள்ளிகள். ஆறாம் சுற்றில் வென்றால் முன்வரிசையை எட்டலாம். ஆட்டம் சிக்கலடைகிறது. எதிராளியின் அரசி படையெடுத்து வந்திருக்கிறது. தற்காக்க ஒரே ஒரு வழி இருப்பதாகத் தோன்றுகிறது. அது எதுவெனப் புலப்படவில்லை. கடிகாரத்தில் நான்கு நிமிடம் இருக்கிறது. மேசையின் ஓரத்தில் அலைபேசி இருக்கிறது. காலையில் அதனை அகற்ற மறந்துவிட்டார்.

அந்த அலைபேசியில் என்ன இருக்கிறது? 1997இல் உலக வாகையர் காரி காஸ்பரோவை ஐபிஎம் நிறுவனத்தின் ‘டீப் புளூ’ கணினி ஆறு ஆட்டங்கள் கொண்ட போட்டியில் 3½ – 2½ எனத் தோற்கடித்தது. அதற்குத் தனியாக வடிவமைக்கப்பட்ட பெருங்கணினி தேவைப்பட்டது. இன்று ‘ஸ்டாக்ஃபிஷ்’ போன்ற சதுரங்க நிரல்கள் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உலக வாகையரையும் விஞ்சும் வலிமை கையடக்கக் கருவியில் உறங்குகிறது. நிலையைப் பதிவிட்டால் போதும். விடை நொடியில் வரும். அறையில் வேறு எவரும் இல்லை.

இத்தகைய முறைகேட்டைக் கண்டறிய இணையத்தளங்கள் வழிகளை வகுத்துள்ளன. ஒருவரின் நகர்வுகள் நிரலின் தேர்வோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது ஆராயப்படுகிறது. நகர்வுக்கு எடுத்துக்கொண்ட நேரமும் சான்றாகிறது. மனிதர் எளிய நகர்வை உடனே செய்வர். அரிய நகர்வுக்குத் தயங்குவர். எளியதற்கும் அரியதற்கும் ஒரே அளவு நேரம் எடுப்பவர்மீது ஐயம் பிறக்கிறது. முறைகேடு உறுதியானால் கணக்கு முடக்கப்படும்.

ஆனால், அகப்படுவோம் என்னும் அச்சத்தால் விளையும் நேர்மை, அகப்படமாட்டோம் என்னும் துணிவு வந்ததும் கலைந்துவிடும். ஆராய வேண்டியது வேறொன்று. நிரல் சொன்ன நகர்வை இட்டு வென்றால், வென்றது யார்? திரையில் தோன்றும் பெயர் ஆர்வலருடையது, வெற்றியோ அவருடையதன்று. எதிர்ப்புறத்தில் அமர்ந்திருப்பவரும் தம் ஓய்வுநாளின் ஒரு பகுதியை ஒதுக்கி, தம்மைப் போன்ற மனிதர் ஒருவரோடு ஆடுவதாக நம்பி வந்தவர். முறைகேடு அவருடைய புள்ளியைப் பறிப்பதோடு அந்த நம்பிக்கையையும் பறிக்கிறது. பரிசில்லாத போட்டியில் ஏமாற்றிப் பெறுவதற்குப் பொருள் ஏதுமில்லை. இழப்பதற்கோ, ஆட்டத்தைத் தேடி வந்த காரணமே இருக்கிறது.

நம் ஆர்வலர் எழுந்து சென்று அலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வருகிறார். அதில் அரை நிமிடம் கரைகிறது. தமக்குத் தோன்றிய நகர்வைச் செய்கிறார். அது பிழையான நகர்வு. ஆறு நகர்வுகளில் ஆட்டம் முடிகிறது. தோல்வி அவருடையது; முழுமையாக அவருடையது.

தோல்வியைத் திரும்பக் காணல்

ஏழாம் சுற்றின் இறுதியில் பலகையில் எஞ்சியவை மிகச் சில. ஆர்வலரிடம் அரசனும் ஒரு காலாளும். எதிராளியிடம் அரசன் மட்டும். காலாள் எட்டாம் வரிசையை அடைந்தால் அரசியாக உயரும், வெற்றி உறுதியாகும். பதினொரு நொடிகளே உள்ளன. பகையரசன் தொலைவில் இருக்கும்போதே ஆர்வலர் காலாளை விரைந்து முன்னேற்றுகிறார். தம் அரசனைப் பின்னே விட்டுவிடுகிறார். பகையரசன் ஓடிவந்து வழியை மறிக்கிறான். காலாள் ஏழாம் வரிசையை எட்டுகிறது. அதனைக் காக்க ஆர்வலரின் அரசன் அதற்கு நேர்பின்னே வந்து நிற்கிறான். அக்கணத்தில் பகையரசனுக்கு நகர இடமில்லை. ஆயினும் அவன் தாக்குதலுக்கும் உள்ளாகவில்லை. விதிப்படி ஆட்டம் சமன்.

ஏழு சுற்றுகளில் மூன்று வெற்றி, மூன்று தோல்வி, ஒரு சமன். மூன்றரைப் புள்ளி. பட்டியலின் நடுவில் ஓர் இடம்.

பலர் இந்நிலையில் கணினியை மூடிவிடுவர். அல்லது நிரலைத் திறந்து, அது சிவப்பில் சுட்டும் பிழைகளைக் கண்டு பெருமூச்செறிவர். நம் ஆர்வலர் அவ்வாறு செய்வதில்லை. இப்போது போட்டி முடிந்துவிட்டது. நிரலின் துணையை நாடுவதில் குற்றமில்லை. எனினும், முதலில் ஓர் ஏட்டை எடுத்து, அந்நேரத்தில் தாம் எண்ணியது என்ன என்பதை எழுதுகிறார். ‘நேரம் போதாது என அஞ்சினேன், காலாளை ஓட்டினேன்’ என்பது அவர் எழுதிய குறிப்பு. அதன்பின்னரே நிரலைக் காண்கிறார். அரசனை முதலில் ஆறாம் வரிசைக்கு நடத்திச் சென்று, அதன்பின் காலாளை முன்னேற்றியிருந்தால் வெற்றி கிடைத்திருக்கும் என்பது தெளிவாகிறது.

இங்கு நிரலின் இரு முகங்களும் புலனாகின்றன. ஆட்டத்தின்போது அது திருட்டுத்துணை. ஆட்டம் முடிந்தபின் அது ஆசான். அதே கருவி, அதே விடை. நாடும் காலமே அதன் இயல்பை மாற்றுகிறது. தாமே சிந்திக்கும் முன் விடையைக் காண்பவர் விடையை மட்டும் பெறுவர். தம் எண்ணத்தை முதலில் பதிவுசெய்தவரோ, எங்கே வழிதவறினோம் என்பதையும் அறிவர். பிழையின் வேர் அச்சத்தில் இருந்தது என்பதை எந்த நிரலும் சொல்வதில்லை. அதனை அவருடைய ஏடே சொல்கிறது.

‘இறுதிக்கட்டத்தில் படைக்கு முன்னே அரசன் நடக்க வேண்டும்’ என ஏட்டின் அடியில் அவர் எழுதி வைக்கிறார். சதுரங்க நூல்களில் நெடுங்காலமாக உள்ள பாடம்தான் அது. எனினும், அரைப்புள்ளி இழந்து கற்ற பாடம் எளிதில் மறவாது.

ஆர்வலரின் பரிசு

மாலை ஆறு மணி. திரையில் வெற்றியாளர் மூவரின் பெயர்கள் ஒளிர்கின்றன. நம் ஆர்வலரின் பெயரைக் காணப் பட்டியலில் கீழே செல்ல வேண்டும். தரப்புள்ளி சிறிதே மாறியிருக்கிறது. மறுநாள் கடையில் எவரும் அதுபற்றிக் கேட்கப்போவதில்லை.

ஆயினும், அவர் வெறுங்கையோடு எழவில்லை. முதற்சுற்றில் தோற்றபின்னும் களத்தில் நின்றார். மூன்றாம் சுற்றில் காலத்தின் விலையை அறிந்தார். ஏழாம் சுற்றில் அச்சத்தின் முகத்தைக் கண்டார். ஆறாம் சுற்றில் பெற்றதோ பட்டியலில் இடம்பெறாதது. எவரும் காணாத அறையில், கைக்கெட்டும் தொலைவில் இருந்த வெற்றியை அவர் விலக்கினார். அவ்வாட்டத்தின் பதிவில் தோல்வி என்னும் குறியே இருக்கும். அத்தோல்விக்குப் பின்னுள்ள முடிவை அறிந்தவர் அவர் ஒருவரே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான போட்டியில் பெயர் பதிந்துவிட்டு அவர் கணினியை மூடுகிறார். அலைபேசி இன்னும் அடுத்த அறையிலேயே இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

தொழில்முறை சாராத ஆட்டக்காரரைக் குறிக்கும் ‘அமெச்சூர்’ என்னும் ஆங்கிலச்சொல் பிரெஞ்சு மொழிவழி வந்தது. அதன் மூலம் ‘அன்பு செய்பவர்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். தமிழில் ‘ஆர்வலர்’ என்னும் சொல்லும் அன்புடையாரைக் குறிக்கும். திறனில் குறைந்தவர் என்பதன்று, அன்பால் ஈடுபடுபவர் என்பதே இரு சொற்களின் அடிப்படைப் பொருளாகும்.

சொல்லும் பொருளும்

தரப்புள்ளி – ஆட்டத்திறனைக் காட்டும் எண்
சமன் – வெற்றி தோல்வியின்றி முடிதல்
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
மனச்சான்று – நன்மை தீமையை உணர்த்தும் உள்ளுணர்வு
விஞ்சும் – மிகும்

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் பங்கேற்ற போட்டி ஒன்றில் அடைந்த தோல்வியை எண்ணிப் பாருங்கள். அந்நேரத்தில் நீங்கள் நினைத்தது என்ன, செய்தது என்ன, கற்றது என்ன என்பவற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘கண்காணிப்பால் நேர்மை வளரும்’ – ‘மனச்சான்றால் நேர்மை வளரும்’ என்னும் இரு தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்களைப் படித்து, உங்களுக்கு விருப்பமான விளையாட்டோடு பொருத்திக் கலந்துரையாடுக.

குறுவினா

1. சுவிஸ் முறை அப்பெயர் பெறக் காரணம் யாது?
2. 1965ஆம் ஆண்டுப் போட்டியில் பாபி ஃபிஷர் நியூயார்க்கிலிருந்தே ஆடியது ஏன்?

சிறுவினா

1. தோற்றவர் வெளியேறும் முறையையும் சுவிஸ் முறையையும் ஒப்பிடுக.
2. ‘ஆட்டத்தின்போது திருட்டுத்துணை, ஆட்டம் முடிந்தபின் ஆசான்’ – இடம் சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

‘தோல்வி அவருடையது, முழுமையாக அவருடையது’ – ஆறாம் சுற்று நிகழ்வைக் கொண்டு இக்கூற்றின் உண்மையை நிறுவுக.